‘ஆஃபீஸ்கெ’ எந்த மொழிச் சொல்?

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் மாலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். வேலை முடிந்து வந்த ஒரு பெண், தோளில் பையும் காதில் போனுமாகப் பாலுக்குக் காத்து நிற்கிறார். போனில் யாரிடமோ சொல்கிறார்: “நாளெ ஆஃபீஸ்கெ லீவ் ஹாக்தீனி, டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் இதெ.” நாளைக்கு ஆபீசுக்கு லீவு போடுகிறேன், டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் இருக்கிறது என்கிறார். சொன்ன கையோடு கடைக்கார அம்மாவிடம் திரும்பி, “அக்கா, அரை லிட்டர் பால் ரெண்டு” என்று தமிழில் கேட்கிறார். கடைக்கார அம்மா தமிழில் கணக்குச் சொல்லிவிட்டு, அடுத்து நிற்கும் நீலசந்திராப் பெரியவரிடம் தக்கனி உருதுவுக்குப் போய்விடுகிறார். அங்கே நின்ற ஒருவரும் இதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

போனில் சொன்ன அந்த வாக்கியத்தில் ஏழு சொற்கள் இருக்கின்றன. அதில் கன்னடம் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு? அந்தப் பெண் ஒரு நாளில் எத்தனை முறை இப்படி மொழி மாறுகிறார்? இதை எண்ணால் சொல்ல முடியுமா? மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் பேச்சுச் சிகிச்சை நிபுணர்களும் கணினித் துறையினரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு போராடி வருகிறார்கள். அவர்கள் உருவாக்கிய அளவுகோல்களைக் கன்னட-ஆங்கிலப் பேச்சின்மேல், குறிப்பாக இந்தப் பேட்டையின் பேச்சின்மேல், வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுகிறவரை மட்டும் அளக்கும் எந்தக் கருவியும் பெங்களூரில் பாதிதான் அளக்கும். எதிரே நிற்பவர் யார் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பெயரில் குழப்பம் வேண்டாம். ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததை வேறு மொழியில் தொடங்குவதை மொழித் தாவல் என்றும், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மொழியும் பின்னிக் கிடப்பதை மொழிக் கலப்பு என்றும் வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்களிலேயே பலர் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அளவு என்று வரும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்.

*

இந்தக் கேள்வியை ஆஸ்டின் டவுனிலிருந்து கேட்பதற்குப் பொருத்தமான காரணம் ஒன்று உண்டு. கன்னட அன்பர்கள் இந்தப் பேட்டைக்குக் கிட்டல் நகர் என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் வாயில் இன்றைக்கும் ஆஸ்டின் டவுன்தான். கன்னட-ஆங்கில அகராதி தந்த ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயர் அது. ஜெர்மனியில் 1832-ல் பிறந்து, பாசல் மிஷன் ஊழியராக 1853-ல் இந்தியாவுக்கு வந்தவர். சுமார் 70,000 சொற்கள் கொண்ட அவருடைய அகராதி 1894-ல் மங்களூரில் வெளிவந்தது. மகாத்மா காந்தி சாலையில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

அகராதிக்கு முன்பே, 1872-ல், கேசிராஜனின் ‘சப்தமணிதர்ப்பணம்’ என்ற 13-ம் நூற்றாண்டுக் கன்னட இலக்கணத்தைக் கிட்டல் பதிப்பித்திருந்தார். அந்த இலக்கணத்தில் ‘அரிசமாசம்’ என்று ஒரு பேச்சு வரும். ‘அரி’ என்றால் பகை. கன்னடச் சொல்லையும் சமஸ்கிருதச் சொல்லையும் ஒட்டி ஒரே தொகைச்சொல் ஆக்குவது பகைக்கூட்டு, தவிர்க்க வேண்டியது என்பது விதி. விதியைச் சொன்ன கையோடு, வழக்கில் நிலைத்துவிட்ட சிலவற்றுக்கு விலக்கும் தருகிறார்கள். எது ஏற்கெனவே நம்முடையதாகிவிட்டது, எது இன்னும் வெளியே நிற்கிறது என்று தீர்மானிக்கும் சிக்கல் கன்னடத்துக்கு எத்தனை பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் தொல்காப்பியமும் இதே இடத்தில் நின்றுதான் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பிரித்தது. இன்று கணினி வல்லுநர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் மொழி அடையாளம் ஒட்டும்போது கேசிராஜன் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்கிறார்கள்.

*

நவீன ஆய்வில் முதலில் உடைந்தது ஒரு தப்பெண்ணம். மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் கலந்து பேசுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். நம் வீடுகளில் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஷானா பாப்லாக் 1980-ல் வெளியிட்ட ஆய்வு அதைத் தகர்த்தது. நியூயார்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர் 20 பேரின் பேச்சிலிருந்து 1,835 மொழி மாற்றங்களை எடுத்து அவர் ஆராய்ந்தார். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களே வாக்கியத்தின் நடுவில் லாகவமாக மொழி மாறினார்கள். ஒரு மொழியில் தடுமாறியவர்கள், வாக்கிய முடிவில் ஒட்டும் சிறு தொடர்களோடு நின்றுகொண்டார்கள். நடுவில் மாறினாலும் இரண்டு இலக்கணமும் உடையாமல் மாறுவது தேர்ச்சியின் அடையாளம் என்று தெரிந்தது.

அதே 1980-ல் கன்னடத்தை வைத்தே ஒரு முக்கியமான கட்டுரை வந்தது. எழுதியவர்கள் எஸ்.என். ஸ்ரீதரும் கமல் ஸ்ரீதரும். கன்னடத்தில் கலப்பு என்னென்ன வேலை செய்கிறது என்று எஸ்.என். ஸ்ரீதர் 1978-லேயே எழுதியிருந்தார். இருவரும் சேர்ந்து கண்ட விதியை எளிதாகச் சொல்லலாம்: விருந்தாளி மொழியின் தொடர் தனக்குள் தன் சொந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்கார மொழிதான் முடிவு செய்யும். “ஆன் த வே இதீனி” என்கிறார் பெங்களூர்க்காரர், வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு. ‘ஆன் த வே’ என்ற தொடருக்குள் ஆங்கில வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் தொடர் முழுவதும் வினைக்கு முன்னால், கன்னடம் காட்டிய இடத்தில், வந்து உட்கார்ந்திருக்கிறது. வினைச்சொல்லை மட்டும் கன்னடம் கைவிடுவதில்லை. ஆங்கில வினை வந்தால் ‘மாடு’ அல்லது ‘ஆகு’ என்ற துணையைக் கொடுத்துத்தான் உள்ளே விடும். இந்த நகரத்தின் தாரக மந்திரமான “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” அப்படிப் பிறந்ததுதான். நாம் ‘அட்ஜஸ்ட் பண்ணு’, ‘லேட் ஆச்சு’ என்கிறோம். அவர்கள் ‘அட்ஜஸ்ட் மாடு’, ‘லேட் ஆய்த்து’ என்கிறார்கள். சட்டகம் ஒன்றேதான்.

இந்தச் சட்டகம் ஒன்றாக இருப்பதுதான் பின்னால் பெரிய சிக்கலாக வரப்போகிறது.

*

இப்போது கடையில் கேட்ட வாக்கியத்துக்கு வருவோம். கலப்பை எண்ணாக்க அதிகம் பயன்படும் ஒரு சூத்திரத்தை அமிதவ தாஸும் பியோர்ன் கம்பேக்கும் 2014-ல் முன்வைத்தார்கள். கலப்புக் குறியீடு என்று அழைக்கலாம். ஒரு வாக்கியத்தில் எந்த மொழிச் சொற்கள் அதிகமோ அவற்றை எண்ணுங்கள். மொழி சொல்ல முடியாத சொற்களை நீக்கிய மொத்தத்தால் வகுங்கள். ஒன்றிலிருந்து கழித்து 100-ஆல் பெருக்குங்கள். ஒரே மொழி என்றால் பூஜ்யம். இரண்டும் சரிபாதி என்றால் 50.

நாளெ, ஹாக்தீனி, இதெ மூன்றும் கன்னடம். லீவ், டாக்டர், அப்பாயிண்ட்மெண்ட் மூன்றும் ஆங்கிலம். மிச்சம் ‘ஆஃபீஸ்கெ’. வேர் ஆங்கிலம், ‘கெ’ என்ற நான்காம் வேற்றுமை உருபு கன்னடம். இது எந்த மொழி? சொல்ல முடியாது என்று நீக்கிவிட்டால் ஆறு சொல்லில் மூன்றுக்கு மூன்று, குறியீடு 50. உருபை மதித்துக் கன்னடம் என்று வைத்தால் ஏழில் நான்கு கன்னடம், குறியீடு 43. இப்போது ஒரு கன்னட ஆசிரியர் வந்து, ‘லீவு, டாக்டர், ஆபீசு எல்லாம் எங்கள் பாட்டி காலத்திலிருந்தே கன்னடம்தானே, அப்பாயிண்ட்மெண்ட் மட்டும்தான் புதுசு’ என்கிறார் என்று வையுங்கள். ஏழில் ஆறு கன்னடமாகிவிடுகிறது. குறியீடு 14.

ஒரே பெண் ஒரே மூச்சில் சொன்ன ஒரே வாக்கியத்துக்கு 50, 43, 14 என்று மூன்று விடைகள். அவர் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. எண்ணியவரின் முடிவு மட்டுமே மாறியது. ஆய்வறிக்கைகளில் சராசரிக் கலப்பு இத்தனை என்று ஒற்றை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் இந்த மூன்று எண்களை நினைத்துக்கொள்கிறேன்.

கடன் வாங்கிய சொல் எப்போது சொந்தச் சொல்லாகிறது என்பதற்கு முடிந்த விடை இல்லை. ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துகீசியர் விட்டுப்போனவை. ‘ஜன்னலைச் சாத்து’ என்று சொல்லும் தமிழரை யாரும் போர்த்துகீசியம் கலந்து பேசுகிறார் என்று எண்ணுவதில்லை. ‘பஸ்ஸு’, ‘காரு’ என்று கடைசியில் உகரம் சேர்த்து, ‘பஸ்ஸல்லி’ என்று உருபும் சேர்த்துப் பேசும் கன்னடருக்கு அந்தச் சொல் எந்த அளவு ஆங்கிலம்? ஆங்கிலமே தெரியாத மூதாட்டியும் அதைத்தான் சொல்கிறார். ஒருவருடைய மற்ற மொழி அறிவைப் பார்க்காமல் அவருடைய கலப்பை எண்ணவே முடியாது என்பதற்கு அந்த மூதாட்டி போதும். அவர் தன் மொழியில்தான் பேசுகிறார், எங்கும் தாவவில்லை.

மங்களூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2022-ல் நடத்திய கன்னட-ஆங்கிலச் சொல்லடையாளப் போட்டி இந்தச் சிக்கலை நேர்மையாக ஒப்புக்கொண்டது. யூடியூப் கருத்துரைகளில் வரும் ஒவ்வொரு சொல்லையும் கன்னடம், ஆங்கிலம், ஆள் பெயர், இடப் பெயர், பிற என்று பிரித்ததோடு நிற்காமல், ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழி இருப்பவற்றுக்குக் ‘கலப்புச் சொல்’ என்று தனி வகையும் வைத்தார்கள். ‘ஆஃபீஸ்கெ’வுக்கு ஒருவழியாக ஓர் இடம் கிடைத்தது. வேர் ஒரு மொழி, விகுதி ஒரு மொழி என்பது திராவிட மொழிகளின் அன்றாடம். அதற்கு ஓர் அறையைத் திறந்துவிட்டதே பெரிய காரியம் என்பேன்.

ஆனால் அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பெரிய கலப்புத் தொகுப்புகள் பெரும்பாலும் யூடியூப் கருத்துரைகள். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றையும் ஆங்கிலக் கலப்போடு சேர்த்த திராவிடத் தொகுப்பில் 60,000-க்கு மேற்பட்ட கருத்துரைகள் உள்ளன. அதில் தமிழின் பங்கு மிகப் பெரியது, கன்னடத்தின் பங்கு மிகச் சிறியது. சினிமா டிரெய்லருக்குக் கீழே எழுதுகிறவர் இளைஞர். தட்டச்சு செய்யத் தெரிந்தவர். யார் படிப்பார்கள் என்று தெரியாத திரளைப் பார்த்து எழுதுகிறவர். பால் கடையில் அக்காவிடம் பேசுவது வேறு. முதலதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

எத்தனை முறை மாறினார் என்பதை எண்ணும் அளவும் உண்டு. சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் எத்தனையில் மொழி மாறியது என்ற விகிதம் அது. உருபை மதித்து எண்ணினால் நம் வாக்கியத்தில் ஆறு இடைவெளிகளில் நான்கில் மாற்றம். மொழிகளின் பங்கு எவ்வளவு சமம் என்று பார்க்கும் அளவு இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காலையில் வீட்டில் முழுக்கக் கன்னடம், பகலில் அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம் என்று வாழ்கிறவருக்கும், நாள் முழுக்க இரண்டையும் பின்னிப் பேசுகிறவருக்கும் பங்கு அளவில் ஒரே எண் கிடைத்துவிடும். வாழ்க்கையோ முற்றிலும் வேறு.

*

பேச்சைப் பதிவு செய்து எண்ணுவது பெரும் உழைப்பு. அதனால் உளவியலாளர்கள் கேள்வித்தாளை நாடினார்கள். மிகப் பரவலானது 2007-ல் அமெரிக்காவில் வந்த மொழி அனுபவக் கேள்வித்தாள். எந்த வயதில் கற்றீர்கள், நாளில் எத்தனை சதவீதம் பேசுகிறீர்கள், எவ்வளவு நன்றாகப் படிப்பீர்கள் என்றெல்லாம் கேட்கும். மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு-செவித்திறன் நிறுவனம் இதை இந்தியச் சூழலுக்கு ஏற்பத் தழுவி 2009-ல் வெளியிட்டது. மொழி மாறும் பழக்கத்தை மட்டும் தனியே கேட்கும் தாள் 2012-ல் ஸ்பானிய-கத்தலான் இருமொழியாளர்களை வைத்து உருவானது. மொத்தம் 12 கேள்விகள். முதல் மொழிக்கு மாறும் போக்கு, இரண்டாம் மொழிக்கு மாறும் போக்கு, சூழலால் மாறுவது, தன்னறியாமல் மாறுவது என்று நான்கு கூறுகளாக விடையைப் பிரிக்கும்.

நல்ல கருவிதான். கன்னட-ஆங்கிலம் பேசுகிறவர் கையில் கொடுத்தால் முதல் கேள்விகளிலேயே இடறுகிறது. ஒரு சொல் நினைவுக்கு வராதபோது மற்ற மொழிச் சொல்லை எடுத்துக்கொள்வீர்களா என்ற கருத்தில் அந்தத் தாள் கேட்கும். “கரெண்ட் ஹோகிதெ” என்று சொல்கிறவருக்கு ‘வித்யுத்’ என்ற சொல் தெரியும், பள்ளியில் படித்திருக்கிறார். மறந்துபோய் அவர் ‘கரெண்ட்’ என்று சொல்லவில்லை. கரெண்ட் என்பதுதான் அங்கே சொல். அவர் ‘எப்போதாவது’ என்று டிக் செய்துவிட்டு, அந்த ஒரு மாலையிலேயே நூறு ஆங்கிலச் சொல் பேசிவிட்டுத் தூங்கப் போவார். பொய் சொல்லவில்லை, அந்தக் கேள்வி அவருடைய பழக்கத்தைத் தொடவே இல்லை.

தன்னறியாமல் மாறுகிறீர்களா என்று ஒருவரிடமே கேட்பதில் உள்ள சங்கடம் சொல்லாமலே விளங்கும். இதோடு வெட்கமும் சேர்கிறது. கலப்பு என்றாலே கலப்படம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கன்னட வீடுகளிலும் அப்படித்தான். பேட்டியாளர் எதிரே உட்கார்ந்தால் மக்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு மேடைக் கன்னடம் பேசுவார்கள். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் சொன்ன முரண் இதுதான்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. இங்கே ‘உங்கள் தாய்மொழி என்ன’ என்பது எல்லாக் காலத்திலும் எளிய கேள்வியாக இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த வன்முறையைத் தாண்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதிகளில் இருக்கின்றன. அறிமுகமில்லாத ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து மொழியைக் கேட்டால் ‘கன்னடா’ என்று சொல்லிவிட்டு முடிப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விடை ஆய்வாளரின் அட்டவணையில் ‘முதல் மொழி: கன்னடம், இரண்டாம் மொழி: ஆங்கிலம்’ என்று பதிவாகிவிடுகிறது. மூன்றாவதாக ஒரு மொழி அங்கே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது கணக்கில் வருவதில்லை.

*

அந்த மூன்றாவது மொழிதான் ஆஸ்டின் டவுனின் உண்மையான பிரச்சினை. ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையைப் பெயர்த்து 1809-ல் அமைத்த தண்டுப் பகுதியின் பக்கம் இது. அந்தப் படையோடும் அதன் வேலைகளோடும் தமிழர்கள் வந்தார்கள். கன்னடம் பேசும் பழைய நகரமும் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் புழங்கிய தண்டும் 1949-ல்தான் ஒரே மாநகராட்சியாயின. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகத் திருப்பலி நடக்கிறது. கால்பந்து மைதானத்தில் பையன்கள் ஒரே ஆட்டத்தில் எல்லா மொழியிலும் கத்துகிறார்கள். இங்கே வாழும் ஒருவரைக் ‘கன்னட-ஆங்கில இருமொழியாளர்’ என்று வரையறுத்ததும் ஆய்வு அவருடைய வீட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதையே செய்கிறது. தாய்மொழிக்கு மேல் இரண்டு மொழிகளைத்தான் அது எழுதிக்கொள்ளும். 2011 கணக்கின்படி இந்தியாவில் இருமொழி தெரிந்தவர்கள் சுமார் 26 சதவீதம், மும்மொழி தெரிந்தவர்கள் சுமார் 7 சதவீதம். நான்காவது மொழிக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. எங்கள் கடைக்கார அம்மாவுக்குத் தமிழ், கன்னடம், தக்கனி, தெலுங்கு, அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களிடம் வியாபாரம் செய்யும் அளவுக்கு ஆங்கிலம். அரசாங்கக் கணக்கில் அவருக்கு மூன்றோடு சரி.

சட்டகம் ஒன்றாக இருப்பது சிக்கலாகும் என்று முன்பு சொன்னேன். மகாராஷ்டிர-கர்நாடக எல்லையில் சாங்லி மாவட்டத்துக் குப்வாட் கிராமத்தில் ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் செய்து 1971-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டி. கன்னடம், மராத்தி, உருது பேசும் மக்கள் நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து, மூன்று மொழியின் வாக்கிய அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. சொற்கள் மட்டும் வெவ்வேறாக நின்றன. அங்கே வேறு குடும்ப மொழிகள் ஒன்றை ஒன்று நெருங்கின. தமிழும் கன்னடமும் பிறவியிலேயே சகோதரிகள். ஆஸ்டின் டவுனில் ஒருவர் ‘அக்கா’ என்று கூப்பிட்டால் அது எந்த மொழி? இரண்டும்தான். ஆங்கிலச் சொல்லையாவது ஒலியை வைத்து இனம் காணலாம். தமிழிலிருந்து கன்னடத்துக்குத் தாவிய கணத்தைப் பல வாக்கியங்களில் வினை முற்று வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. எண்ணுவதற்கென்று வந்த கருவிகள் இந்த இடத்தில் அடங்கிப்போகின்றன.

*

இத்தனை சிரமப்பட்டு ஏன் அளக்க வேண்டும்? மருத்துவம்தான் முதல் காரணம். இருமொழி பேசுவது மூளைக்குக் காவலா என்ற விவாதம் உலகெங்கும் நடந்தது. அதில் மிக முக்கியமான சான்றுகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்து போனது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஐதராபாத்தில் மறதிநோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழியாளர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. பக்கவாதம் வந்த 608 பேரை வைத்து 2016-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சிந்தனைத் திறன் பழுதுபடாமல் மீண்டவர்கள் இருமொழியாளர்களில் 40.5 சதவீதம், ஒருமொழியாளர்களில் 19.6 சதவீதம். அல்லாடி இப்போது பேராசிரியராக இருக்கும் நிமான்ஸ் மனநல-நரம்பியல் மருத்துவமனை, ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது.

மேலை நாடுகளில் பல ஆய்வுகள் இத்தகைய நன்மையைக் காணவில்லை. கென்னத் பாப் போன்றோர் 2013-லிருந்தே கடுமையாக மறுத்தார்கள். அந்தச் சண்டையில்தான் அளவின் தேவை கூர்மையானது. இரண்டு மொழி தெரியும் என்பதை மட்டும் கேட்டால் போதாது, எப்படிப் புழங்குகிறார் என்று கேட்க வேண்டும் என்று டேவிட் கிரீனும் ஜுபின் அபுதலேபியும் 2013-ல் வாதிட்டார்கள். ஓரிடத்தில் ஒரு மொழி மட்டும் பேசும் சூழல், ஆளுக்கு ஆள் மொழி மாற்றும் சூழல், வாக்கியத்துக்குள்ளேயே பின்னும் சூழல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மூளையிடம் வெவ்வேறு உழைப்பைக் கேட்கிறது என்றார்கள். மாண்ட்ரியலில் குலிஃபரும் டிட்டோனும், வீடு, வேலை, நட்பு என ஒவ்வொரு வட்டத்திலும் மொழிகள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்பதைத் தனித்தனியே கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு நெருங்கி வரும் அளவு இதுதான். பால் வாங்க வந்த பெண் போனில் பின்னினார். கடைக்காரரிடம் ஆளுக்கேற்ப மாறினார். பகலில் அலுவலகக் கூட்டத்தில் ஆங்கிலம் மட்டும் பேசியிருப்பார். ஒரே நாளில் மூன்று சூழலும்.

இந்த வகைமை படுக்கையருகே என்ன பொருள் தருகிறது என்பதை நான் நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறியது. வீட்டில் தமிழ், வேலை பார்த்த இடத்தில் கன்னடம், கோப்புகளில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர். கொண்டுபோன இடத்தில் கன்னடத்தில் கேட்டார்கள், பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் கன்னடக் கேள்விக்குப் பாதி தமிழில் பதில் சொன்னார். ‘மொழிகளைக் குழப்புகிறார்’ என்று குறித்துக்கொண்டார்கள். அவருடைய மனைவி வெளியே வந்து அழுதுகொண்டே என்னிடம் சொன்னது: “அவரு எப்பவுமே அப்படித்தானே பேசுவாரு.”

குழப்பமா, பழக்கமா? நோய்வாய்ப்படுவதற்கு முந்தைய பழக்கத்தின் அளவு கையில் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இத்தாலியில் ஃபாப்ரோ குழுவினர் 2000-ல் பதிவு செய்த நோயாளி, மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டதால் ஃபிரியூலியனுக்கும் இத்தாலியனுக்கும் இடையே அடக்க முடியாமல் தாவினார். எதிரே இருப்பவருக்கு ஒரு மொழிதான் புரியும் என்று தெரிந்தும் தாவினார். அதனால்தான் அது நோய். கலப்பின் அளவு அல்ல, கேட்பவருக்கும் பேசும் மொழிக்கும் உள்ள உறவு அறுந்ததுதான் அங்கே அறிகுறி. தன்னைச் சோதித்தவருக்குத் தமிழ் புரியும் என்பது எங்கள் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. உறவு அறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கன்னட-ஆங்கிலத் தாவலையும் கலப்பையும் அளக்கிறவர்கள் கேள்வித்தாளை ஆளுக்கு ஆள் கேட்கும்படி மாற்றி எழுத வேண்டும்: அம்மாவிடம் எப்படி, பிள்ளையிடம் எப்படி, கடையில் எப்படி, மேலதிகாரியிடம் எப்படி. தெரிந்த எல்லா மொழிக்கும் கட்டம் வேண்டும், இரண்டுக்கு மட்டுமல்ல. கேள்வித்தாளோடு, அவர் சம்மதத்தின்பேரில், வீட்டார் ஒருவரோடு பேசும் பத்து நிமிடப் பதிவாவது சேர வேண்டும். ஆய்வாளர் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். கலப்புக் குறியீட்டை வெளியிடுகிறவர்கள் பழகிய கடன்சொற்களைச் சேர்த்து ஓர் எண், சேர்க்காமல் ஓர் எண் என்று இரண்டையும் தர வேண்டும். 50-க்கும் 14-க்கும் நடுவில் வாசகர் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள், பெங்களூரிலிருந்தாலும் வேறெங்கு இருந்தாலும். பக்கவாதம், மறதி, குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் என்று எதற்காக நிபுணரிடம் போனாலும், வீட்டில் புழங்கும் எல்லா மொழியையும், யாரிடம் எது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதை, அவர்களிடம் சொல்லிவிட்டு, போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பதிவு இருக்கவில்லை.